இன்னும் க்ளியர் ஆகாத ஓர் அரியர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா, உன் இண்டஸ்ட்ரி எக்ஸ்பீரியன்ஸைச் சொல்லு" என்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் கன்ட்ரோல் பேனல் செய்கிற ஒரு கம்பெனியில் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். அதைப் பற்றிப் பேசினால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே பாதிப் பேர் சாப்பாட்டு ஹாலுக்குப் போய்விடுவீர்கள். அதனால் வேறு ஒன்றைச் சொல்கிறேன். மார்க் ஷீட்டைப் பார்த்தால் நான் ஆல் க்ளியர். ஆனால் மார்க் ஷீட்டில் வராத ஒரு பேப்பரில் எனக்கு இன்னும் ஓர் அரியர் இருக்கிறது. அந்தப் பேப்பரின் பெயர் அரசியல்.

பயப்பட வேண்டாம், எந்தக் கட்சியைப் பற்றியும் பேசப்போவதில்லை. ஃபைனல் இயர் படிக்கும்போது, 2013-14-ல், இந்தக் காம்பஸில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி நாங்கள் சில பேர் அலைந்த கதை அது.

அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2013 மார்ச் மாதம். இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காகச் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்துக்குள் தமிழ்நாடு முழுக்கக் கல்லூரி வாசல்களில் மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கல்லூரிகளுக்கு லீவு விட்டார்கள். நாங்களும் ஒரு நாள் மெயின் கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மறுபடி காலேஜ் திறந்தபோது 'அரசியல்' என்கிற வார்த்தையே இங்கே கெட்ட வார்த்தை ஆகியிருந்தது. நிர்வாகத்தைக் குறை சொல்லவில்லை. பெற்றோர் நம்பி அனுப்பிய பிள்ளைகள், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்கிற பயம் நியாயமானதுதான்.

நமக்கு மாணவர் பேரவைத் தேர்தல் என்று ஒன்று கிடையாது. கல்லூரிகளில் மாணவர் தேர்தலை எப்படி நடத்தலாம் என்று லிங்டோ கமிட்டி 2006-லேயே வழி சொல்லிவிட்டது. நம் வகுப்பில் ரெப் ஆனவன் யார்? போன செமஸ்டரில் அதிக மார்க் வாங்கியவன். இருபத்தோரு வயசு வரைக்கும் எதற்கும் யாருக்கும் ஓட்டுப் போட்டுப் பழகாதவர்கள் நாங்கள். இத்தனைக்கும் நாம் உட்கார்ந்திருக்கும் இடம் ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம்தான் நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானம் போட்ட ஊர் இது. நமக்கு ஆவடி என்றால் டாங்கி ஃபேக்டரி, கடைசி லோக்கல் ரயில், மார்க்கெட் டிராபிக் ஜாம், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சர்க்குலர் வந்தது. கல்லூரிதோறும் ஒரு மாணவரை வளாகத் தூதுவராகப் போட்டு, 18 வயது ஆனவர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் திட்டம். எங்கள் என்.எஸ்.எஸ். ஸார் என்னைக் கூப்பிட்டார். "உனக்குத்தான் வாய் இருக்கே, நீ பண்ணு. ஆனா ஒண்ணு. எந்தப் பார்ட்டி பேரும் வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா எனக்கு வேலை போயிடும், உனக்கு ஹால் டிக்கெட் போயிடும்." இதுதான் எனக்குக் கிடைத்த அரசியல் பயிற்சி.

ஒன்பது பேர் சேர்ந்தோம். அதில் ரூமில் உட்கார்ந்தால் அடித்துக்கொள்கிற இரண்டு கழகக் குடும்பத்துப் பையன்கள் உண்டு. ஒரு காம்ரேட் உண்டு. "எல்லாருமே திருடங்கதான்" என்கிற கட்சி தனியாக மூன்று பேர். கேன்டீன் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தோம். முதல் நாள் முழுக்கக் கிடைத்தது மூன்று படிவம். அதில் இரண்டு எங்கள் டீம் ஆட்களுடையது.

ஏன் வேண்டாம் என்று சொன்னார்கள் என்பதுதான் சுவாரசியம். "ஊர்ல அப்பா பாத்துப்பாரு ப்ரோ" என்றான் ஒருவன். "போட்டோ இல்ல" என்றான் இன்னொருவன். அவன் கையில் பாஸ்போர்ட் அப்ளிகேஷனும் நாலு போட்டோவும் இருந்தன. ஒரு பெண், "எங்க வீட்ல எல்லாரும் எதுக்குப் போடறாங்களோ அதுக்குத்தான் நானும் போடணும்னு சொல்லிடுவாங்க. அதுக்குப் போடாமலே இருந்துடலாம்" என்றாள். அந்தப் பதிலுக்கு என்னிடம் பதில் இல்லை. இதில் எவனுக்கும் அரசியல் பிடிக்காமல் இல்லை. அது வேறு யாருடைய வேலையோ என்று நினைத்திருந்தார்கள்.

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் நாங்கள் ஈ.சி.இ. மூளையைப் போட்டோம். லேபில் கிடந்த 8051 கிட், எல்.இ.டி., பஸ்ஸர், ஒரு பழைய கால்குலேட்டர் டப்பா எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மாதிரி ஓட்டு மெஷின் செய்தோம். சின்னங்களாக தோசை, பொங்கல், பூரி, பரோட்டா. நிஜ மெஷின் போலவே இரண்டு பெட்டி, நடுவே ஒரு கேபிள். ஒரு தடவை அமுக்கினால், அதிகாரி இடத்தில் இருப்பவர் தன் பக்கத்து பட்டனைத் தட்டும் வரை மெஷின் அடுத்த ஓட்டை வாங்காது. மறுநாள் மேஜையைச் சுற்றிக் கூட்டம் தாங்கவில்லை.

கூட்டம் வந்ததும் கேள்வியும் வந்தது. இந்த மெஷினை முதல்முதலில் 1982-ல் கேரளாவில் பறவூர் தொகுதியில் 50 சாவடிகளில் வைத்தார்கள் என்பதும், சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் பிறகு சட்டத்தையே திருத்தினார்கள் என்பதும் பல பேருக்குப் புதுச் செய்தி. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இந்த மெஷின் உருவானதில் எழுத்தாளர் சுஜாதாவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று சொன்னபோது, கதை மட்டும் படிக்கிற கூட்டமும் எங்கள் பக்கம் வந்தது. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்று, ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்த கதையைச் சொன்னால் போதும், கைதட்டல்தான். "ஹேக் பண்ண முடியுமா?" என்று கேட்காதவன் கிடையாது. "பண்ண முடியுமான்னு கேக்கற உரிமை உனக்கு வேணும்னா மொதல்ல லிஸ்ட்ல பேர் வேணும், இந்தா ஃபாரம்" என்று நீட்டுவோம்.

அப்படி நாலைந்து வாரத்தில் நானூற்றுச் சொச்சம் படிவங்கள் சேர்ந்தன. டிபார்ட்மென்ட் வாரியாக போர்டில் எழுதிப்போட்டோம். சிவில் எத்தனை, மெக்கானிக்கல் எத்தனை என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓடியது. என் முதல் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவன் சொந்த ஊர் விலாசத்திலும் பெயர் சேர்க்கலாம், ஹாஸ்டல் விலாசத்திலும் சேர்க்கலாம். குறைந்தது ஒரு வருஷப் படிப்பாக இருந்து, இவன் எங்கள் மாணவன்தான் என்று கல்லூரி சான்று கொடுத்தால் போதும். ஆனால் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. எங்களுக்கு எது சுலபம்? ஹாஸ்டல் விலாசம். சான்று ஒரே கட்டாக ஆபீஸில் கிடைத்துவிடும், ஸ்கோரும் ஏறும். அதனால் யாரையும் எதுவும் கேட்காமல் எல்லோரிடமும் ஹாஸ்டல் விலாசத்தையே எழுதி வாங்கினோம்.

ஒரு மாலை வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒரு கட்டுப் படிவத்தோடு ஹாஸ்டலுக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் அம்மா. பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் வீடு வீடாக நடக்கிறவர். திருவண்ணாமலைப் பக்கத்து நண்பன் ஒருவனைக் கூப்பிட்டு, "ஊர்ல உன் பேர் இருக்கா?" என்றார். "இருக்கு மேடம், போன வருஷமே அப்பா சேத்துட்டாரு." "அப்புறம் இதுல வேற எங்கயும் என் பேர் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே?" அவன் என்னைப் பார்த்தான். படிவத்தில் அந்த வரி இருப்பதை அவன் படிக்கவில்லை. நான் படித்திருந்தேன், அவனுக்குச் சொல்லவில்லை. பொய்யான உறுதிமொழிக்கு ஒரு வருஷம் வரை சிறைத்தண்டனை என்று சட்டத்தில் இருக்கிறது.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "தம்பி, உங்களுக்குக் கணக்கு காட்டறதுக்கு இவன் கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி பதினோரு மணி வரை ரூம் ரூமாகப் போய் ஒவ்வொருவனையும் கேட்டோம். நாற்பதுக்கு மேற்பட்ட படிவங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். போர்டில் ஸ்கோர் இறங்கியது. அந்த அரியரை அப்போதே எழுதி பாஸ் பண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது தப்புக்கு வருகிறேன். இதுதான் க்ளியர் ஆகாதது.

நம் மெஸ்ஸில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு வருகிற ஓர் அக்கா இருந்தார். என் வயசுக்காரர்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். செய்யாறு பக்கத்துக்காரர். பருத்திப்பட்டில் வாடகை வீடு, நாலு வருஷமாக கான்ட்ராக்டரிடம் வேலை. பரீட்சை அன்று லேட்டாக வந்தாலும் நமக்காக நாலு இட்லியை எடுத்து மூடி வைத்திருப்பார். ஒரு நாள் மேஜைப் பக்கமாக வந்தவர், "இன்னா தம்பி, ஓட்டுக்கா? எனக்கும் ஒரு ஃபாரம் குடேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும்க்கா."

அது பொய் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. படிவம் 6 ஒன்றுதான். அதில் மாணவன் என்றும் மெஸ் அக்கா என்றும் பிரித்து எழுதியில்லை. என் போர்டில் சிவில், மெக்கானிக்கல், ஈ.சி.இ. என்று கட்டங்கள் இருந்தன. அவரை எந்தக் கட்டத்தில் போடுவது? கட்டம் இல்லாத ஆளுக்குப் படிவம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவரும் "சரி தம்பி" என்று போய்விட்டார்.

பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. 2014 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்க எல்லா வாக்குச்சாவடிகளிலும் பட்டியலை வைத்து, பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும் விட்டுப்போனவர்களைச் சேர்க்கவும் சிறப்பு முகாம் நடத்தினார்கள். நாங்கள் அதற்குப் போஸ்டர் செய்தோம். கலர் பிரிண்ட், அழகான டிசைன். முழுக்க ஆங்கிலத்தில். ஒட்டிய இடம் டிபார்ட்மென்ட் பிளாக்கின் முதல் மாடி நோட்டீஸ் போர்டு. மெஸ்ஸில் வேலை செய்கிறவர்களோ, தோட்டக்காரரோ, பஸ் டிரைவர்களோ ஒரு நாளும் வராத மாடி அது.

ஏப்ரல் 24-ம் தேதி தேர்தல். திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது நம் ஆவடி. முதல் ஓட்டு என்பதால் நாங்கள் ஹாஸ்டலிலிருந்து ஊர்வலம் மாதிரி கிளம்பினோம். அரசுப் பள்ளி, வேப்பமரம், நீண்ட கியூ. மை வைத்துக்கொண்டு வெளியே வந்து விரலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அக்காவைப் பார்த்தேன். காலை டிபன் வேலையை முடித்துவிட்டு, கஞ்சி போட்ட புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் கவரில் வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு.

"லிஸ்ட்ல பேர் இல்லன்றாங்க தம்பி. கார்டு இருக்கே, நீ கொஞ்சம் சொல்லேன்."

அட்டையைப் பார்த்தேன். செய்யாறு தொகுதி அட்டை. அட்டை என்பது ஆளை அடையாளம் காட்டத்தான். அந்தச் சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. இதைத்தான் கேன்டீன் வாசலில் வாரக்கணக்கில் நானூறு பேருக்குச் சொல்லிக் கொண்டிருந்தேன். அக்கா அங்கிருந்து பத்தடி தூரத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்லவில்லை.

உள்ளே போய் அதிகாரியிடம் கேட்டேன். அவரால் ஒன்றும் செய்ய முடியாது, அது எனக்கும் தெரியும். வெளியே வந்து, "இல்லக்கா" என்றேன். "பரவால்ல தம்பி, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றார். மத்தியானம் மெஸ்ஸில் அதே அக்கா அதே சாம்பார் வாளியோடு வந்தார். தலையில் பூ வாடாமல் இருந்தது. எங்கள் மேஜை முழுக்க மை வைத்த விரல்கள். நான் கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

பரீட்சை, வைவா, பிராஜெக்ட் எல்லாம் முடிந்து, ஜூன் மாதம் சர்டிபிகேட் வாங்க வந்தபோது ஒரு படிவத்தையும் எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். கான்ட்ராக்டர் மாறிவிட்டிருந்தார். பழைய ஆட்கள் யாரும் இல்லை. பருத்திப்பட்டில் விசாரித்தால் வீடு காலி பண்ணிவிட்டார்கள் என்றார்கள். அடுத்த வாட்டி அவர் பெயர் எந்தப் பட்டியலிலாவது இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால்தான் இதை அரியர் என்கிறேன். இந்தப் பேப்பருக்கு மறு தேர்வு இல்லை.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் இதே ஆவடித் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 1,395 ஓட்டு. நம் காலேஜ் பஸ்களில் ஒரு நாள் காலையில் வந்து இறங்குகிற கூட்டம். ஆனால் கணக்குக்காக இதைச் சொல்லவில்லை. வித்தியாசம் லட்சமாக இருந்திருந்தாலும் அக்கா அன்று பூ வைத்துக்கொண்டுதான் வந்திருப்பார். ஜெயிப்பது தோற்பது வேறு, கூட்டத்தில் தானும் ஓர் ஆள் என்பது வேறு. மாணவர்களுக்கு அரசியல் விழிப்புணர்வு வேண்டும் என்று மேடை போட்டுப் பேசினேன். எனக்குச் சோறு போட்டவருக்கு அந்த விழிப்பு ஏற்கெனவே இருந்தது. ஒரு தாள்தான் இல்லை. அந்தத் தாள் என் மேஜையில் கட்டாக இருந்தது.

சரி, அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. இப்போது திருமுல்லைவாயலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். 2025 நவம்பர் 4-ம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தது. வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் ஒரே அமளி. நான் முதலில் கீழே இறங்கி வாட்ச்மேன் ரூமுக்குப் போனேன். அவர் ஒரிசாக்காரர். கேட்டதில், ஊரில் அவர் பெயர் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அந்த டீச்சர் அம்மா சொல்லிக் கொடுத்த பாடம் அது: முதலில் ஆளைக் கேள்.

எங்கள் தளத்தில் வீட்டு வேலை செய்கிற ஓர் அம்மா கொரட்டூரிலிருந்து வீடு மாறி வந்தவர். பெயர் பழைய வீட்டு விலாசத்தில். அங்கே போன அலுவலர் வீடு பூட்டியிருந்ததென்று திரும்பிவிட்டார். அந்த அம்மாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்து மூன்று சாயங்காலம் கொரட்டூருக்கு அலைந்தோம். மூன்றாவது நாள் அலுவலர் கிடைத்தார், படிவம் கிடைத்தது. ஒரே ஒரு படிவம். அந்தக் காலத்து நானூறைவிட இதுதான் கனமாக இருந்தது.

நண்பர்களே, பிரசாரம் என்றால் மைக் பிடித்துப் பேசுவது என்று நினைத்திருந்தேன். ஓர் ஆளின் தாளைக் கையில் வாங்கினால் அது பட்டியலில் அச்சாகி வரும்வரை கூடவே போவதுதான் பிரசாரம் என்பது இப்போது என் எண்ணம். எஞ்சினியர் பாஷையில் சொன்னால், இன்புட் எத்தனை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு அவுட்புட்டைப் பார்ப்பது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு சின்ன வேண்டுகோள் வைத்துவிட்டு முடிக்கிறேன். நம் காலத்தில் ஜனவரி 1 அன்று 18 வயது முடிந்திருக்க வேண்டும். ஜனவரி 2-ல் பிறந்த ஒரு ஜூனியரை, "அடுத்த வருஷம் வாடா" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். 2022 முதல் அந்தக் கஷ்டம் இல்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று வருஷத்துக்கு நான்கு தகுதி நாட்கள். 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வீடு மாறினால் படிவம் 8 போதும். சங்கத்தின் செலவில் செமஸ்டருக்கு ஒரு நாள் ஒரு மேஜை போடுவோம். மேஜை கேன்டீன் வாசலில் வேண்டாம், மெயின் கேட்டில் போடுவோம். மாணவர், ஆசிரியர், டிரைவர், செக்யூரிட்டி, தோட்டக்காரர், மெஸ் ஆட்கள் எல்லோரும் கடக்கிற இடம் அதுதான். போஸ்டர் தமிழில் இருக்கட்டும். மெஸ் கை கழுவும் இடத்திலும் பஸ் ஷெட்டிலும் ஒட்டுவோம். யார் வந்தாலும் மூன்றே கேள்வி: உங்க பேர் எங்க இருக்கு? எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க? இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டவா? கட்சி பெயர் வாயில் வர வேண்டாம், என்.எஸ்.எஸ். ஸாருக்குக் கொடுத்த வாக்கு இன்னும் செல்லும்.

முதல் மேஜையில் உட்கார நான் தயார். ஸ்கோர் போர்டு மட்டும் வேண்டாம்.

இன்று மத்தியானம் சாப்பிடப் போகும்போது, பரிமாறுகிறவரிடம் யாராவது ஒருவர் அந்த முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.